இடப்பக்க மட்காட்

அத்தியாயம் பதினேழு

தியாகலிங்கத்தாருக்குப் பொய் சொல்ல வராது. கரம்பொன் ஊர் முழுக்க அவருக்கு மரியாதை கிடைத்தது இந்த ஒரு குணத்தால்தான். அவருடைய வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் இந்தச் சனிக்கிழமை விடிய முதலே எழுப்பிவிட்டதும் அதே குணம்தான்.

புதன்கிழமை இரவு நடந்தது போன கிழமை வாசித்தவர்களுக்குத் தெரியும். பத்திரிகை கை மாறிப் போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தியாகலிங்கத்தார் கண் காட்டக் கொழும்புக்குப் போயிருந்த நேரம். ஊரடங்கு வேறு. கடற்கரைப் பக்கத்து எமிலியானுஸ் ஓடிவந்து படலையைத் தட்டினான். மனைவி மாக்கிறேற்றுக்குப் பிள்ளை வலி, இரத்தம் நிற்கவில்லை, மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள். மூத்த மகள் மீனலோசனி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர், உடனே கராச்சைத் திறந்தாள். எண்பத்து மூன்று கலவரத்துக்கு முதல் கொழும்பில் படிப்பித்த காலத்தில் அவள் கார் ஓடப் பழகியது தாய் இராசமணிக்கு மட்டுந்தான் தெரியும்.

விளக்குப் போடாமல் தகப்பனின் மொறிஸ் மைனரை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். துறையடி ஆமி முகாமுக்குத் திரும்புகிற வளைவில் அன்று பின்னேரம்தான் கொண்டுவந்து வைத்த தார்ப்பீப்பா ஒன்று இருட்டில் நின்றது. காரின் இடப்பக்கச் சில்லுக்கு மேலிருந்த மட்காட் அதில் உராய்ந்தது. பீப்பா உருண்டது. யாரோ கத்தினார்கள். அவள் நிற்கவில்லை.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பெண் குழந்தை. ஆனால் பீப்பாவில் பச்சைப் பெயின்ற் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை லவுட்ஸ்பீக்கர் கட்டிய ஜீப் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனது. தீவில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் துறையடி மைதானத்துக்கு வாகனத்தோடு வரவேண்டும். சொந்தக்காரரே ஓடிக்கொண்டு வரவேண்டும். காயம்பட்ட இயக்கப் பெடியன் எவனையோ அந்தக் காரில் கடத்தியதாக முகாமில் நினைப்பு. பிரசவத்துக்குத்தான் போனது என்று உள்ளதைச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரிக்கவென்று போன மாதம் கூட்டிக்கொண்டு போன லொறிக்காரர் இன்னும் வீடு திரும்பவில்லை. அதுவும் எமிலியானுஸ் இருபத்தைந்து வயதுக்காரன். அந்த வயது ஆண்பிள்ளைக்கு அங்கே வாய் திறக்கவும் நேரம் கிடைக்காது.

தியாகலிங்கத்தாரோ சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்குகிறார். காரை அவர்தான் கொண்டுபோக வேண்டும். "புதன்கிழமை இரவு கார் எங்கை நிண்டது?" என்று கேட்டால், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுவார். ஆகையால் அவருக்குத் தெரியக் கூடாது. தெரியாத மனுசன் தெரியாது என்று சொன்னால் அது பொய்யில்லையே. இப்படித்தான் தாயும் மகளும் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குச் சரிவர வேண்டுமென்றால் மட்காட்டில் ஒரு தழும்பும் தெரியக் கூடாது.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எமிலியானுஸ் பின்வேலியால் வந்துவிட்டான். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சை ஒரு ரின், வெள்ளை ஒரு ரின், சிரட்டையில் கொஞ்சம் கறுப்பு. வியாழக்கிழமை நெளிவை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, அரத்தாளால் தேய்த்து மட்டப்படுத்தியவன் அவன்தான். நேற்றுத் தன்னுடைய எண்ணத்துக்கு ஒரு பூச்சும் பூசிப் பார்த்திருந்தான். அது காய்ந்தபோது மொறிஸ் மைனரின் கன்னத்தில் யாரோ வாழையிலைத் துண்டொன்றை ஒட்டிவிட்டதுபோல இருந்தது.

"ரீச்சர், பச்சையெண்டால் பச்சைதானே. அவங்கள் என்ன, சித்திரப் போட்டியோ வைக்கிறாங்கள்?"

"போட்டிதான் எமிலியானுஸ். தோத்தால் அப்பாவைக் கொண்டுபோவாங்கள்."

அவன் உடனே குனிந்தான். நேற்றைய பூச்சை அரத்தாளால் உரசி எடுக்கத் தொடங்கினான்.

அந்தக் காரின் பச்சை ஒரு பொல்லாத பச்சை. பண்டாரவளையில் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடம் தியாகலிங்கத்தார் அதை வாங்கியபோது எப்படி இருந்ததோ, தீவுப்பகுதி வெயிலும் உப்புக்காற்றும் தின்றது போக ஒரு சாம்பல் பூத்த பச்சைதான் மிஞ்சியிருந்தது. துரு பிடிக்காமலிருக்க அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் தான் எண்ணெய் வைப்பார், பிறகு காருக்கும் வைப்பார். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துண்டால் பொனற்றிலிருந்து பின் டிக்கி வரை தேய்ப்பார். "தியாகலிங்கத்தாரும் காரும் முழுகியாச்சோ?" என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். முழுகுகிறது அவர் மட்டுந்தான். கார் எண்ணெயோடே நிற்கும்.

இராசமணி எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார்.

"பிள்ளை, ரெண்டு கிழமையா எண்ணெய் காணாமல் கார் வெளிறிப்போய் நிக்குது. அவர் வந்தவுடனை, ஏன் ஒருத்தரும் எண்ணெய் பூசேல்லை எண்டு துணியும் கையுமா வெளிக்கிடுவார். தடவத் தொடங்கினால் எல்லாம் கையிலை தட்டுப்படும். நான் இப்பவே பூசிவிடுறன்."

"நல்ல யோசினை அம்மா. அந்த இடத்திலை மட்டும் படாமல் பூசுங்கோ."

நல்ல யோசனைதான். அந்த நேரத்தில் மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

இராசமணி பூசி முடித்தார். கார் வழக்கம்போல் இருண்டு மினுங்கியது. மீனலோசனி அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் நிறம் கூட்டத் தொடங்கினாள். பால்மா ரின் மூடியொன்றில் வள்ளப் பச்சையும் வெள்ளையும் கலந்து, வெயிலில் காயவைத்து, கதவோடு பிடித்துப் பார்த்தாள். நிறம் கூச்சல் போட்டது. கறுப்பு ஒரு சொட்டு விட்டாள். இப்போது சேறு மாதிரி இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பிறகு குசினிச் சுவருக்குப் பூசி மிஞ்சிய காவியை விரல் நுனியில் எடுத்துப் பச்சைக்குள் விட்டாள்.

"ஐயோ ரீச்சர், பச்சைக்குள்ளை சிவப்போ!"

"சிவப்புத்தான் பச்சையின்ரை வாயை அடைக்கும். பாரும்."

அடைத்தது. அந்தப் பச்சை மெல்ல அடங்கி, வயதுபோய், வீட்டு மொறிஸின் பச்சையாக வந்தது. மூடியை அவள் கதவில் வைத்தபோது மூடியின் விளிம்பு மட்டுந்தான் தெரிந்தது. உள்ளே இருந்த நிறத்தைக் காணவில்லை. எமிலியானுஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

தும்பு பிரஷ் கோடு போடும் என்று அதைத் தொடவில்லை. பஞ்சை வொயில் சேலைத் துண்டில் முடிந்து, பெற்றோல் விட்டு இளக்கிய பெயின்ற்றில் தோய்த்து, ஒற்றி ஒற்றி வைத்தாள். ஓரங்களில் ஒற்றலைக் குறைத்து, பழைய பச்சைக்குள் புதுப் பச்சையைக் கரையவிட்டாள். முடிந்ததும் கராச்சுக் கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டார்கள். எந்த இடம் ஒட்டுப்போட்டது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது.

மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் கொஞ்சம் அசைந்தது. தன் கண்ணைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அன்று காலை அந்தப் பெருமை சற்றுக் கூடித்தான் போயிற்று.

மத்தியான பஸ்ஸில் தியாகலிங்கத்தார் வந்து இறங்கினார். மூக்கில் கறுப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடி.

இதை இரண்டு பெண்களும் எதிர்பார்க்காமல் விட்டதுதான் வேடிக்கை. கண் காட்டப் போன மனுசன் கண்ணோடுதானே திரும்பி வருவார். பழைய கண்ணாடியோடு அவர் படலையில் நிற்கிறவரைக் குரலை வைத்துத்தான் இனங்கண்டார். அந்தக் கண்ணோடு எப்படிக் கார் ஓடினார் என்று கேட்காதீர்கள். கரம்பொன் வீதியில் ஆடு மாடுகளுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"இராசமணி, உமக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சே!"

"நரைச்சுப் பத்து வருசம். உங்களுக்கு இப்பதான் தெரியுது."

சிரித்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கூரையில் ஓடு விலகியது தெரிந்தது. அலுமாரிக் கண்ணாடியில் கீறல் தெரிந்தது.

"நாலு மணிக்குக் காரைக் கொண்டுவரட்டாம். பஸ்ஸுக்குள்ளை சொல்லிச்சினம். ஒழுங்கெண்டால் ஒழுங்கு. கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வருவம்" என்றபடி கராச்சுக்குள் போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மட்காட்டை அவர் பார்க்கவில்லை. பொனற்றைத்தான் பார்த்தார். குனிந்து, விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் கறுப்பாக வந்தது.

"இதென்ன இது? எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்கு. இதையோ நான் இவ்வளவு காலமும் பளபளப்பெண்டு நினைச்சனான்? இராசமணி, அரப்பும் வாளியும் கொண்டுவாரும். இது கார் இல்லை, பலகாரம் சுட்ட தாச்சி."

"முதல் சாப்பிடுங்கோவன். சோறு ஆறுது."

"சோறு ஆறட்டும். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு எண்ணெய் வழிய வழியவோ போறது?"

"அப்பா, இப்ப கழுவினால் காயாது" என்றாள் மீனலோசனி.

"இந்த வெயிலிலையோ?"

"சோளகக் காத்து அடிக்குது. ஈரத்திலை புழுதி ஒட்டும்."

"உந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குச் சொல்லு" என்று சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, காரை முற்றத்துக்குத் தள்ளச் சொன்னார்.

மறுத்தால் சந்தேகம். விட்டால் ஆபத்து. அவள் இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு, "நீங்கள் அந்தப் பக்கத்தைப் பாருங்கோ, இந்தப் பக்கம் நான் கழுவுறன்" என்று இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரை மட்டும் ஊற்றி ஊற்றித் தடவினாள். அரப்பைக் கிட்டவும் விடவில்லை. தப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

வலப்பக்கத்தில் தியாகலிங்கத்தார் தேங்காய்ப் பொச்சால் அரப்புப் போட்டுத் தேய்த்த இடம் காயத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

பொனற் வெளிறிக்கொண்டு வந்தது. சாம்பல் பூத்த பச்சை. எண்ணெய் போனதும் தன் உண்மையான வயதுக்குத் திரும்பிய பச்சை.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் காலையில் கூட்டியது காரின் நிறத்தை அல்ல, எண்ணெயின் நிறத்தை. முப்பது வயதிலும் அவள் அந்தக் காரின் எண்ணெயை ஒருவரும் கழுவி எடுத்துக் கண்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் காரின் நிறம். தாயைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கத் தெரிந்த கண் தன்னுடையதுதானே என்று தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என்ன பிள்ளை, குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரித் தடவிக்கொண்டு நிக்கிறாய்? தள்ளு."

தியாகலிங்கத்தார் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கதவைத் தேய்த்தார். மட்காட்டைத் தேய்த்தார். ஒரு வாளி தண்ணீரை அப்படியே விசிறினார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெயில் தன் வேலையைச் செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு காய்ந்து வெளிறியது. மட்காட்டின் மேற்பக்கம் வெளிறியது. நடுவில் ஒரு தேங்காய்ப் பாதியளவு இடம் மட்டும் இருண்டே நின்றது.

"இந்த இடம் காயுதில்லை" என்றார். தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துவாயில் கண்ணாடியைத் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தார்.

இராசமணி குசினி வாசற்படியில் இருந்துவிட்டார்.

"ஆர்?" என்று தியாகலிங்கத்தார் கேட்டார்.

"நான்" என்றாள் மீனலோசனி.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. படலை தட்டியதிலிருந்து பீப்பா உருண்டது வரை எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் முடித்ததும் தகப்பன் முதலில் கேட்டது இதுதான்.

"எப்ப கார் ஓடப் பழகினனீ?"

"கொழும்பிலை இருக்கேக்கை."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும்" என்றார் இராசமணி, படியில் இருந்தபடியே.

"அப்ப இந்த வீட்டிலை தெரியாத விசரன் நான் ஒருத்தன்தான். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அவங்களுக்கும் சொல்லிப்போடுவியள் அப்பா."

அவர் முகம் சுருங்கியது. வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பற்றி அவர் பெருமையாக நினைத்த ஒன்றை மகள் ஒரு வசனத்தில் ஆபத்தான சாமானாக்கிவிட்டாள். அவளுக்கே அது சுட்டது. ஆனால் சொன்னது உண்மை.

"நானே போய்ச் சொல்லுறன் அப்பா. நான் ஓடினதெண்டு சொல்லுறன்."

"சொன்னால் அடுத்தது என்ன கேப்பாங்கள்? ஆரை ஏத்தினாய் எண்டு. அதோடை அந்தப் பெடியனைத் தேடிப் போவாங்கள். மூண்டுநாள் வயசுப் பிள்ளைக்குத் தேப்பன் இல்லாமல் போகும். நான் கொழும்பிலை நிண்டனெண்டு சொன்னாலும் உன்னட்டைத்தான் வருவாங்கள்." வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். பின்சீற்றைப் பார்த்தார். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் சொந்தபந்தங்களைத் தவிர வேறு சாதியில் ஒருவரையும் அவர் ஏற்றாத சீற். மாக்கிறேற்றின் பெயரைச் சொல்லும்போது மகள் குரலைத் தாழ்த்தியது அதற்காகத்தான் என்று அவருக்கும் தெரியும்.

"பிள்ளை சுகமோ?" என்று கேட்டார்.

"சுகம். தாயும் சுகம்."

"ம்." எழும்பினார். "இனிப் பெயின்ற் பூசினால் காயாது. இராசமணி, எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவாரும்."

அவர் பூசினார். வழக்கமான சனிக்கிழமை போலவே, பழைய வேட்டித் துண்டால், பொனற்றிலிருந்து தொடங்கி. ஒரு வித்தியாசம், இந்தமுறை மட்காட்டில் இரண்டு தரம் பூசினார். வெளிறிய பச்சை கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு போய், மகள் பூசிய பச்சையோடு சேர்ந்துகொண்டது. ஒட்டுப்போட்ட இடம் மறைந்தது. புதுக் கண்ணாடியோடு அவர் நாலு பக்கமும் நின்று பார்த்துத் தலையாட்டினார்.

வெள்ளை வேட்டி, சேர்ட், நெற்றியில் திருநீறு. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு காருக்குள் இருந்தவர் மகளைக் கூப்பிட்டார்.

"கேள்."

"என்னத்தை அப்பா?"

"அவங்கள் கேக்கிற மாதிரிக் கேள்."

மீனலோசனி ஜன்னலுக்குக் குனிந்தாள். "புதன்கிழமை இரவு கார் எங்கை நிண்டது?"

"கராச்சுக்குள்ளை" என்றார். சொல்லும்போதே வலக்கை எழும்பிக் கண்ணாடியைத் தொட்டது.

"கண்ணாடியைத் தொடாதேங்கோ அப்பா. பொய்யெண்டு தெரிஞ்சுபோம்."

"திரும்பக் கேள்."

"கார் எங்கை நிண்டது?"

"கராச்சுக்குள்ளை." கை மறுபடி கண்ணாடிக்குப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தொடையில் வைத்து அமத்தினார். "அறுபது வயசிலை பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறன், பார்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இராசமணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார் படலையால் வெளியே போனது. வழக்கம்போல ஒழுங்கை முடிவில் ஹோர்ன் அடித்தார்.

அந்த ஹோர்ன் சத்தம் அடங்குவதற்குள் மற்றப் பக்கத்திலிருந்து பாண்கார அம்புறோஸ் சைக்கிளில் வந்து நின்றான். பாண் பெட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. துறையடிப் பக்கம் விற்க முடியாமல் திரும்பி வருகிறானாம்.

"ஐயா வெளிக்கிட்டிட்டாரோ அக்கா? அங்கை ஒரே அமளி. வாகனம் ஒவ்வொண்டையும் பெற்றோல் துணியாலை துடைச்சுத் துடைச்சுப் பாக்கிறாங்கள். எண்ணெய் பூசி மறைச்சுப்போடுவினமெண்டு ஆரோ சொல்லிக் குடுத்திட்டாங்களாம்."

மீனலோசனியின் கையிலிருந்த எண்ணெய்த் துணி கீழே விழுந்தது.

பெற்றோல் பட்டால் எண்ணெய் போகும். எண்ணெய் போனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். அது மட்டுமா? இன்று காலை பூசிய பெயின்ற் தொட்டால் ஒட்டாதே தவிர உள்ளே இன்னும் பச்சைப் புண். அவள் இளக்கியதே பெற்றோலால்தான். துணி அதில் பட்டவுடன் பச்சையாக வரும். அதற்கு மேல் அப்பா என்ன சொன்னாலும் பொய்யென்று தெரிந்துவிடும். பொய் சொன்ன கிழவரை அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

உள்ளே போன இராசமணி வாசலில் நின்றார். அம்புறோஸ் சொன்னது முழுக்க அவருக்குக் கேட்டிருந்தது. மூன்று நாளாக "சொல்லாதை, சொல்லாதை" என்று மகளின் வாயைப் பொத்தி வைத்தவர் அவர்தான்.

"சைக்கிளை எடு" என்றார் இப்போது.

"அம்மா..."

"அந்த மனுசன் வாய் திறக்க முதல் போய்ச் சேர். ஒரு பொய்யும் சொல்லிப் பழக்கமில்லை. அதைச் சொல்லி அடிவாங்கக் கூடாது. ஓடு பிள்ளை!"

அவள் ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறி மிதித்தாள்.

சோளகக் காற்று முகத்தில் அடித்தது. ஒவ்வொரு மிதிக்கும் காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளியது. வாயில் மணல். பழைய கண்ணாடியோடு என்றால் அவரைப் பிடித்திருக்கலாம். ஒவ்வொரு ஆட்டுக்கும் நின்று நின்றுதான் போவார். புதுக் கண்ணாடி வந்த பிறகு தியாகலிங்கத்தார் வீதியில் ஒரு வாலிபனாகிவிட்டார். காரின் பின்பக்கம் தூரத்தில் ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

மிதிக்கும்போதே அவள் சிங்களத்தில் வசனம் கூட்டினாள். கொழும்பில் மூன்று வருடம் பேசிய மொழி. புதன்கிழமை இரவு அந்தக் காரை ஓடியது நான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றிப்போனது ஒரு பிள்ளைத்தாய்ச்சியை. பெயர் கேட்டால்? பெயரைச் சொல்லமாட்டேன். அடித்தால்? அதை யோசிக்க அவள் தன்னை விடவில்லை. முதல் வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தகப்பன் கராச்சுக்குள்ளை, கராச்சுக்குள்ளை என்று எங்கோ முன்னால் சொல்லிக்கொண்டு போவார். மகள் பின்னால் நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

வளைவு வந்தது. தார்ப்பீப்பாவை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். இடுப்பளவு உயரத்தில் பச்சைக் கீறல். அதைத் தாண்டியதும் மைதானம். வாசலில் வரிசையாகக் கார்கள். வரிசையின் தலையில் மொறிஸ் மைனர் நின்றது.

ஒரு அதிகாரி சாரதிப் பக்க ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சிப்பாய் கையில் துணியும் போத்தலுமாக இடப்பக்கம் வந்து மட்காட்டடியில் குந்தினான்.

அவள் சைக்கிளை வீதியிலேயே போட்டாள். மூச்சு வாங்கியது. அப்பா என்று கூப்பிடவில்லை. மிதித்து மிதித்து மனப்பாடம் பண்ணிய அந்த ஒரு வசனத்தைச் சிங்களத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

சிப்பாயின் கை துணியோடு நின்றது. அதிகாரி நிமிர்ந்து திரும்பினார். காருக்குள்ளிருந்து தியாகலிங்கத்தாரும் திரும்பினார். அவ்வளவு தூரத்திலும் மகளின் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அவருடைய வலக்கை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.